ஊமைப்பட காலத்து கார்ட்டூன்ல அப்படி என்னதான் இருக்கு?

கேள்வி இதுதான்: "மிக்கி மவுஸுக்கு முன்னாடி வந்த சத்தமில்லாத கார்ட்டூன் எல்லாம் ஆடிக்கிட்டே இருக்குற கோடு, கதையும் பெருசா இல்ல, அனிமேஷன் படிக்கிறவங்க அத இன்னிக்கு உக்காந்து பாக்குறதுல ஏதாவது பிரயோஜனம் இருக்கா?" எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது. சென்னைல ரோட்டோ ஆர்ட்டிஸ்டா (படத்துல இருக்குற உருவத்த சுத்தி ஃபிரேம் ஃபிரேமா கோடு போடுற வேலை) ஆரம்பிச்சு இப்ப 2டி அனிமேஷன் பண்றேன், அதனால கொஞ்சம் நீளமாவே போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல ஒரு காட்சி சொல்றேன். 1919ல 'ஃபீலைன் ஃபாலீஸ்'னு ஒரு சின்ன படம் வந்துச்சு, பின்னாடி ஃபீலிக்ஸ்னு உலகம் பூரா தெரிஞ்ச அந்த கறுப்புப் பூனையோட மொத படம் அது, அப்ப அதோட பேரு மாஸ்டர் டாம். அதுல பாட்டு சத்தத்த எப்படிக் காட்டுறது? படத்துலதான் சத்தமே கிடையாதே. அதனால இசைக்குறிகள வரைஞ்சு காத்துல மெதக்க விடுறாங்க, அதுவரைக்கும் சரி, காமிக்ஸ்லயும் அப்படித்தான் பண்ணுவாங்க. ஆனா இங்க அந்தப் பூனை அந்தக் குறிகள கையால பிடிச்சு, சக்கரம் மாதிரி மாட்டி, வண்டியாக்கி ஓட்டிட்டுப் போயிடுது! சத்தம் ஒரு பொருளா மாறிடுச்சு பாருங்க. பேசும்படம் வந்தப்புறம் இந்த யோசனைக்கு அவசியமே இல்லாம போச்சு, ஏன்னா பாட்டு கேக்க ஆரம்பிச்சிடுச்சு. எனக்கு இந்தப் படங்கள் மேல இருக்குற மரியாதைக்கு காரணமே இதுதான், குரலோ எஃபெக்டோ எதுவும் துணைக்கு இல்லாதப்ப கோபம், அழுகை, யோசனை, பாட்டு, இடி எல்லாத்தையும் கோடு ஒண்ணே சொல்லியாகணும், அந்த நெருக்கடில கோடு என்னென்ன செய்ய முடியும்னு கண்டுபிடிச்சாங்க, அதுல பாதிய நாம அப்புறம் மறந்துட்டோம்.

ஒரு விஷயம், ஊமைப்படம்னு சொன்னாலும் தியேட்டர்ல யாரும் நிசப்தமா பாக்கல. பியானோவோ ஆர்கனோ ஒருத்தர் உக்காந்து வாசிச்சிட்டே இருப்பார், பெரிய படத்துக்கு முன்னாடி துணைப்படமா கார்ட்டூன் ஓடும். நாம இப்ப போன்ல சத்தமே இல்லாம பாத்துட்டு "போர் அடிக்குது"ன்னு சொல்றது கொஞ்சம் அநியாயம்.

ஆரம்பத்த வேகமா சொல்லிடறேன். 1906ல ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகைல சாக்பீஸ் முகங்கள அசைய வெச்சார். 1908ல பிரான்ஸ்ல எமீல் கோல் 'ஃபாண்டஸ்மகோரி' எடுத்தார், ரெண்டு நிமிஷம் கூட வராது, சுமார் 700 படம், ஒவ்வொண்ணையும் ரெண்டு தடவ ஷூட் பண்ணது. வெள்ளைப் பேப்பர்ல கறுப்பு மைல வரைஞ்சு நெகட்டிவ்ல பிரிண்ட் போட்டதால கரும்பலகைல வரைஞ்ச மாதிரியே இருக்கும். யானை வீடாகும், ஒண்ணு இன்னொண்ணா உருகிக்கிட்டே போகும், கனவு மாதிரி. கதை எங்கன்னு தேடாதீங்க, அந்த உருமாற்றம்தான் கதை.

இப்ப விண்சர் மக்கே. இங்கதான் நான் நிறைய நேரம் நிக்கப் போறேன், ஏன்னா இந்த மனுஷன் இல்லாம கேரக்டர் அனிமேஷன்னு ஒண்ணு எப்ப வந்திருக்கும்னே தெரியல. நியூயார்க் பத்திரிகைல 'லிட்டில் நீமோ'ன்னு காமிக்ஸ் போட்டுட்டு இருந்தவர், மேடையிலயும் வேகமா படம் வரைஞ்சு காட்டுவார். 1911ல நீமோவ வெச்சே 4,000 படம் வரைஞ்சு ஒரு ஃபிலிம் பண்ணார், அடுத்த வருஷம் ஒரு கொசு. ஆனா ஜனங்க நம்பல, நிஜ ஆளுங்கள வெச்சோ கம்பி கட்டியோ ஏதோ வித்தை காட்டுறார்னு நெனச்சாங்க. சரி, கம்பி கட்டவே முடியாத, உயிரோட யாரும் பாத்திராத ஒண்ண வரைவோம்னு டைனோசர எடுத்துக்கிட்டார். 1914 பிப்ரவரில சிகாகோல மேடை ஏறின 'கெர்ட்டி' அதுதான்.

அது வெறும் படம் இல்லீங்க, மேடை நிகழ்ச்சி. மக்கே கைல சாட்டையோட ஸ்க்ரீன் பக்கத்துல நின்னு "கெர்ட்டி வா"ன்னு கூப்பிடுவார், அவ குகைல இருந்து எட்டிப் பாப்பா, கூச்சப்படுவா, அப்புறம் வந்து சபைக்கு வணக்கம் வெப்பா. சொன்ன பேச்சு கேக்கலன்னா அதட்டுவார், உடனே குழந்தை மாதிரி தேம்பி அழுவா. பழம் ஒண்ண தூக்கிப் போடுற மாதிரி பண்ணுவார், அட்டைல செஞ்ச அந்தப் பழத்த கைக்குள்ள மறைச்சிட்டு அதே நொடில ஸ்க்ரீன்ல வரைஞ்ச பழம் வந்து அவ வாயில விழும். கடைசில மக்கே ஸ்க்ரீனுக்குப் பின்னாடி போயிடுவார், வரைஞ்ச மக்கே ஸ்க்ரீனுக்குள்ள வந்து நிப்பார், கெர்ட்டி அவர முதுகுல ஏத்திட்டு போயிடுவா. 1914ல ஒரு அரங்கத்துல உக்காந்து இத பாத்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க, எனக்கு இத எழுதும்போதே மயிர்க்கூச்செறியுது.

வேலை எப்படின்னா, சுமார் 10,000 படம், அத்தனையும் மெல்லிசான ரைஸ் பேப்பர்ல. கண்ணாடி மாதிரி தாள்ல உருவத்த மட்டும் வரைஞ்சு பின்னணி மேல வெக்கிற செல்லுலாய்டு தாள் முறை இன்னும் வரல, அதனால பின்னணில இருக்குற பாறை, மரம், ஏரி எல்லாத்தையும் ஒவ்வொரு படத்துக்கும் திரும்பத் திரும்ப வரையணும். ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ்னு ஒரு இளைஞர் உதவிக்கு உக்காந்து பின்னணிய மட்டும் டிரேஸ் பண்ணிட்டே இருந்தார். நீங்க "கோடு ஆடுது"ன்னு சொன்னீங்கள்ல, அது இதுதான், ஒரு மனுஷக் கை ஒரே பாறைய ஆயிரக்கணக்கான தடவ வரைஞ்சதோட நடுக்கம் அது. இது தெரிஞ்சப்புறம் அந்தப் பாறைய என்னால அலட்சியமா பாக்க முடிஞ்சதில்ல.

கெர்ட்டி சும்மா நிக்கும்போது கூட அவ வயிறு ஏறி இறங்கும். அதுக்கு மக்கே தன்னோட மூச்ச தானே கடிகாரம் வெச்சு அளந்து பாத்தார்னு சொல்வாங்க. பாத்திரம் எதுவும் பண்ணாத நேரத்துலயும் உயிரோட இருக்கணும்ங்கிறத இன்னிக்கு ஐட்லுன்னு தனியா சொல்லித் தர்றோம், கேம் அனிமேஷன் பண்றவங்களுக்கு நல்லாத் தெரியும். அதோட, ஒரு அசைவோட தொடக்கத்தையும் முடிவையும் மொதல்ல வரைஞ்சிட்டு, அப்புறம் நடுவுல ஒண்ணு, அந்த நடுவுக்கு நடுவுல ஒண்ணுன்னு பிரிச்சுக்கிட்டே போனார், அதுக்கு ஸ்ப்ளிட் சிஸ்டம்னு பேர். கீ போஸ், இன்பிட்வீன்னு நாம இன்னிக்கு பண்றது இதேதான். அவர் இதுக்கு பேட்டன்ட் வாங்கல, கேட்டவங்களுக்கு சொல்லிக் கொடுத்தார். ஆனா ஜான் பிரேன்னு இன்னொருத்தர் அதே மாதிரி முறைகளுக்கு பேட்டன்ட் வாங்கி வெச்சுக்கிட்டு மக்கே மேலயே கேஸ் போட்டார், அது ஜெயிக்கல.

மக்கேயோட இன்னொரு படத்தையும் சொல்லியே ஆகணும், 'த சிங்கிங் ஆஃப் த லூசிட்டேனியா', 1918. 1915 மே 7ஆம் தேதி ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் அந்தப் பயணிகள் கப்பல மூழ்கடிச்சப்ப 1,198 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு ஒரு அடி கூட ஃபிலிம் கிடையாது, எந்த கேமராவும் அங்க இல்ல. மக்கே சொந்தக் காசுல, சுமார் 25,000 படம், கிட்டத்தட்ட ரெண்டு வருஷம் உக்காந்து அந்த சாவ வரைஞ்சார். இதுல செல்லுலாய்டு தாள் உண்டு, அதனால அலையும் புகையும் கனமா, நிதானமா நகரும். கடைசில ஒரு தாய் தண்ணிக்குள்ள மூழ்கிட்டே கைக்குழந்தைய மேல தூக்கிப் பிடிச்சிருக்கிற காட்சி வரும். போர்க்கால பிரச்சாரப் படம்தான், டைட்டில்ல வர்ற வசனமெல்லாம் அவ்வளவு காட்டமா இருக்கும், ஆனா கார்ட்டூன்னா சிரிப்புக்கு மட்டும்தான்னு யாராவது சொன்னா நான் மொதல்ல காட்டுறது இதத்தான். அனிமேட்டட் டாக்குமென்டரின்னு இன்னிக்கு விருது கொடுக்குறோமே, அதுக்கு நூறு வருஷத்துக்கு முந்தின மூத்த அக்கா இது.

ஆனா ஒரே ஆள் ரெண்டு வருஷம் வரைஞ்சுட்டு இருந்தா தியேட்டர்காரங்களுக்கு கட்டுபடியாகுமா. அவங்களுக்கு வாரா வாரம் படம் வேணும். அங்கதான் ஸ்டூடியோ வருது. ராவுல் பாரே பேப்பர்ல ஓட்டை போட்டு ஆணில மாட்டுற பெக் முறைய கொண்டு வந்தார், படத்துக்குப் படம் நகராம இருக்க. ஏர்ல் ஹர்ட் கண்ணாடி மாதிரியான செல்லுலாய்டு தாள்ல அசையிற உருவத்த மட்டும் வரைஞ்சு பின்னணிக்கு மேல வைக்கிற முறைக்கு பேட்டன்ட் வாங்கினார், அப்புறம் பிரேயும் அவரும் சேர்ந்து கம்பெனி வெச்சு மத்த ஸ்டூடியோக்கள்ட்ட லைசன்ஸ் காசு வாங்கினாங்க, 1930கள் ஆரம்பம் வரைக்கும் அது ஓடுச்சு. நீங்க சாஃப்ட்வேர்ல லேயர் மேல லேயர் வெக்கிறீங்கள்ல, அது ஹர்டோட தாள்தான். டூன் பூம் ஹார்மனிங்கிற 2டி அனிமேஷன் சாஃப்ட்வேர்ல பெக்னு ஒண்ணு இருக்கே, அந்தப் பேர் பாரேயோட ஆணில இருந்து வந்தது.

பேர்னு சொன்னதும் என் சொந்த கதை ஞாபகம் வருது. ரோட்டோ டிபார்ட்மென்ட்ல சேந்த புதுசுல நடிகரோட உருவத்த சுத்தி ஃபிரேம் ஃபிரேமா கோடு போட்டுக்கிட்டே இருப்போம், முடி, விரல், புடவை ஓரம், எல்லாம். அந்த வார்த்தை எங்க இருந்து வந்துச்சுன்னு அப்ப எனக்குத் தெரியாது. ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சது, மேக்ஸ் ஃப்ளைஷர் 1915ல விண்ணப்பிச்சு 1917ல பேட்டன்ட் வாங்கின ரோட்டோஸ்கோப்பு! தம்பி டேவ் கோமாளி டிரஸ்ல ஆட, அத ஃபிலிம்ல எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமையும் கண்ணாடில கீழ இருந்து ஒளி பாய்ச்சி விழ வெச்சு மேல டிரேஸ் பண்ணார். ஒரு நிமிஷ சோதனைப் படத்துக்கு கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆச்சாம். அந்தக் கோமாளிதான் கோகோ. ஃப்ளைஷர் இத வெச்சு 'அவுட் ஆஃப் த இங்க்வெல்'னு வரிசையா படம் பண்ணார், நிஜ ஃப்ளைஷர் மேசைல உக்காந்திருப்பார், மைக்கூட்டுல இருந்து கோகோ வெளிய வருவான், அவரோட சண்டை போடுவான், ஊருக்குள்ள ஓடிப்போய் அட்டகாசம் பண்ணுவான், கடைசில திரும்ப மைக்கூட்டுக்குள்ள போவான், மூடி போட்டுடுவார். வரைஞ்சவனுக்கும் வரையப்பட்டவனுக்கும் நடக்குற இந்த மல்லுக்கட்டு எனக்கு இன்னிக்கும் சலிக்கல.

ரோட்டோஸ்கோப்போட வாரிசுதான் மோஷன் கேப்சர். 2014ல 'கோச்சடையான்' வந்தப்ப மோஷன் கேப்சர்னு ஊரெல்லாம் பேசினோம், நடிகரோட நிஜ அசைவ எடுத்து வரைஞ்ச உருவத்துக்கு மாட்டுறதுங்கிற அந்த யோசனை டேவோட கோமாளி டிரஸ்ல ஆரம்பிச்சது. அதே ஃப்ளைஷர் சகோதரர்கள் 1924ல இருந்து பாட்டு கார்ட்டூன் பண்ணாங்க, பாட்டு வரி ஸ்க்ரீன்ல வரும், ஒரு பந்து சொல்லுக்கு சொல் குதிச்சுப் போகும், தியேட்டரே சேந்து பாடும். கரோக்கே ஞாபகம் வருதா? அதுல சிலத லீ டி ஃபாரஸ்ட்டோட ஒலி முறைல சத்தத்தோடயே எடுத்தாங்க, மிக்கி வாய் திறக்குறதுக்கு முன்னாடியே. அதனால "முதல் சத்தக் கார்ட்டூன் மிக்கியோட ஸ்டீம்போட் வில்லி"ன்னு எங்கயாவது படிச்சீங்கன்னா நம்பாதீங்க.

சரி, ஃபீலிக்ஸுக்கு வர்றேன். பாட் சல்லிவன்னு ஆஸ்திரேலியாவுல பொறந்தவர் நியூயார்க்ல ஸ்டூடியோ வெச்சிருந்தார், அங்க வேலை பாத்த ஓட்டோ மெஸ்மர்தான் பூனைய வரைஞ்சு, இயக்கி, உயிர் கொடுத்தவர். மெஸ்மர் அதுக்கு முன்னாடி சாப்ளின வெச்சு கார்ட்டூன் பண்ணிருந்தார், சாப்ளினோட ஒவ்வொரு சின்ன அசைவையும் படிச்சு வெச்சிருந்தார், அது ஃபீலிக்ஸ்ல அப்படியே தெரியும். ஃபீலிக்ஸ் யோசிக்கிற நடை இருக்கே, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு தலையக் குனிஞ்சு முன்னும் பின்னும் நடக்குறது, அதுதான் அந்தக் காலத்துல பெரிய அதிசயம். கார்ட்டூன் உருவம் ஓடுறது விழறது எல்லாம் ஏற்கனவே பாத்தாச்சு, ஆனா யோசிக்கிறதப் பாத்ததில்ல. யோசிச்சு முடிக்கும்போது தலைக்கு மேல ஒரு கேள்விக்குறி வரும், அத எட்டிப் பறிச்சு கொக்கியா மாட்டிக்கிட்டு ஏறிப் போயிடும். வால கழட்டி தடியாக்கும், தேவைப்பட்டதெல்லாம் ஆக்கும். ஃபீலிக்ஸுக்கு அது வரைபடம்னு தெரியும், அதனால மை எல்லாமே அதுக்கு மூலப்பொருள்.

பூனை ஏன் கறுப்பு? வேலை சுலபம்ங்கிறதுதான் காரணம், முழுக்க மை அடிச்சிட்டா உள்ள நிறைய கோடு போட வேண்டாம், திடமான கறுப்பு திரைல நல்லா நகரும். இந்த சிக்கனத்துக்கு ஒரு அழகான பின்கதை இருக்கு. 1928ல நியூயார்க்ல டெலிவிஷன் சோதனை ஒளிபரப்பு நடந்தப்ப ஒரு ஃபீலிக்ஸ் பொம்மைய சுழல்மேசைல வெச்சு சுத்த விட்டு மணிக்கணக்கா ஒளிபரப்பினாங்க, மொத்தமே 60 வரி தெளிவுதான், அவ்வளவு மங்கல்லயும் கறுப்பு வெள்ளையா அந்தப் பூனை தெரிஞ்சுது.

ஆனா மெஸ்மர் பேரு திரைல வரவே இல்ல. சல்லிவன் பேர் மட்டும்தான். 1933ல சல்லிவன் இறந்தப்பவும் உலகம் அவரத்தான் ஃபீலிக்ஸோட அப்பான்னு நெனச்சுது. மெஸ்மர் அப்புறம் டைம்ஸ் ஸ்கொயர்ல பெரிய பெரிய மின்விளக்கு விளம்பரங்களுக்கு அசைவு வடிவமைச்சுட்டு அமைதியா இருந்தார். பல பத்து வருஷம் கழிச்சு ஜான் கேன்மேக்கர் மாதிரி ஆய்வாளர்கள் தேடிப் போய் பேசினப்புறம்தான் பேர் வெளிய வந்துச்சு, 1983ல அவர் இறக்கும்போது துறைக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துச்சு. சல்லிவன்தான் படைச்சார்னு ஆஸ்திரேலியால இன்னும் வாதாடுறவங்க இருக்காங்க, நான் மெஸ்மர் பக்கம், அந்த நடையப் பாத்தா சாப்ளின் படிச்ச கை தெரியுது. ஃபிரேம் ஃபிரேமா வேலை பாத்துட்டு டைட்டில்ல பேர் வராதுன்னா என்னன்னு எங்க துறைல இருக்கிறவங்களுக்கு சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஃபீலிக்ஸ உலகம் பூரா கொண்டு போனது மார்கரெட் விங்க்லர்னு ஒரு பெண். வார்னர் பிரதர்ஸ் படக் கம்பெனில செக்ரட்டரியா இருந்து தனியா விநியோக கம்பெனி ஆரம்பிச்சவங்க, ஃபீலிக்ஸ், கோகோ ரெண்டுமே அவங்க கைலதான் இருந்துச்சு. 1923ல கான்சாஸ் சிட்டில கம்பெனி திவாலாகி வந்த வால்ட் டிஸ்னிங்கிற பையனோட 'ஆலிஸ்' வரிசைய வாங்கினதும் அவங்கதான், அந்த ஒப்பந்தம் போட்ட 1923 அக்டோபர் 16தான் டிஸ்னி கம்பெனியோட பொறந்த நாள். நிஜச் சிறுமி கார்ட்டூன் உலகத்துக்குள்ள போறதுதான் ஆலிஸ், ஃப்ளைஷரோட வித்தைய திருப்பிப் போட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க கணவர் சார்லஸ் மின்ட்ஸ் தொழில எடுத்துக்கிட்டார், 1928ல டிஸ்னிகிட்ட இருந்து ஆஸ்வால்ட்ங்கிற முயலையும் அங்க இருந்த பெரும்பாலான அனிமேட்டர்களையும் இழுத்துக்கிட்டார். முயல் போச்சு, எலி வந்துச்சு. மிக்கியோட 'பிளேன் கிரேஸி'யே மொதல்ல ஊமைப்படமாத்தான் எடுக்கப்பட்டது, டிஸ்னியோட அனிமேட்டர் அப் ஐவர்க்ஸ் கிட்டத்தட்ட தனியா வரைஞ்சு தள்ளினார், யாரும் வாங்கல, அப்புறம்தான் நவம்பர்ல சத்தத்தோட ஸ்டீம்போட் வில்லி.

1927ல நியூயார்க் அனிமேட்டர்கள் மக்கேக்கு ஒரு விருந்து வெச்சாங்க. அவர் எழுந்து, நான் இத ஒரு கலையா பாத்தேன், நீங்க வியாபாரமாக்கிட்டீங்கன்னு வருத்தப்பட்டு பேசிட்டு உக்காந்தார்னு அங்க இருந்தவங்க சொல்லிருக்காங்க. அவரோட வலி எனக்குப் புரியுது. ஆனா அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் அவரோட ஒத்துப் போகல. மெஸ்மர் கெடு தேதிக்குள்ள, காசுக்குள்ள, பேர் இல்லாம, கேள்விக்குறிய கொக்கியாக்கினார். வேகமா வரையணும்ங்கிற கட்டாயம்தான் அந்த எளிமைய கொண்டு வந்துச்சு.

அமெரிக்காவோட நிறுத்தக்கூடாது. ஜெர்மனில லோட்டே ரைனிகர் 1919ல இருந்து கத்தரிக்கோலால கறுப்பு அட்டைய வெட்டி, மூட்டு மூட்டா இணைச்சு, கண்ணாடி மேசைல படுக்க வெச்சு அசைச்சு படம் எடுத்தாங்க. 1926ல முடிஞ்ச 'இளவரசர் அகமது' முழுநீளப் படமாவே இன்னிக்கும் நிக்குது, அடுக்கடுக்கா கண்ணாடி வெச்சு ஆழம் காட்டுறத டிஸ்னிக்கு பத்து வருஷம் முன்னாடியே பண்ணிட்டாங்க. தோல்பாவைக்கூத்து பாத்த கண்ணுக்கு அந்த விரல் நுனிகளோட நளினம் உடனே பிடிபடும்.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். இந்தப் படங்கள்ல கறுப்பின மக்கள ரொம்ப கேவலமா வரைஞ்சிருக்காங்க, மக்கேயோட நீமோ படத்துலயே இம்ப்பின்னு ஒரு பாத்திரம் அப்படித்தான். வரைஞ்ச கோடு எவ்வளவு அழகா இருந்தாலும் அது உறுத்தும், உறுத்தணும். மாணவர்களுக்கு காட்டும்போது நான் அத வெட்டுறதில்ல, நிறுத்திப் பேசிட்டுதான் மேல போவேன்.

நிறைய படம் இப்ப இல்ல. அந்தக் காலத்து நைட்ரேட் ஃபிலிம் தானா சிதையும், தீப்பிடிக்கும், சத்தம் வந்தப்புறம் யாரும் பத்திரப்படுத்தல. உலகத்தோட முதல் முழுநீள அனிமேஷன்னு சொல்லப்படுற அர்ஜென்டினாவோட 'எல் அபோஸ்டோல்', 1917ல வந்தது, 1926 தீ விபத்துல எரிஞ்சு போச்சு, நாம இனி பாக்கவே முடியாது. அதே 1917ல ஜப்பான்ல வந்த 'நமகுரா கட்டானா' மட்டும் 2008ல ஒசாகால ஒரு பழம்பொருள் கடைல கெடச்சுது. கெர்ட்டியோட ஆயிரக்கணக்கான தாள்ல சுமார் 400தான் மிச்சம்.

எப்படிப் பாக்குறதுன்னு கேட்டா, மொதல்ல ஃபாண்டஸ்மகோரி, அடுத்து கெர்ட்டி, அப்புறம் ஒரு ஃபீலிக்ஸ், ஒரு கோகோ, மனசு தயாரா இருக்கும்போது லூசிட்டேனியா. எல்லாரும் அவசரமா ஓடுற மாதிரி தெரிஞ்சா பிரதி தப்பான வேகத்துல இருக்குன்னு அர்த்தம், அந்தக் காலத்துல நொடிக்கு 24 ஃபிரேம்னு கட்டாயம் எதுவும் கிடையாது, பெரும்பாலும் அதவிட மெதுவாத்தான் ஓட்டுவாங்க, அதனால யூடியூப் பிளேயர்ல வேகத்த 0.75க்கு குறைச்சுப் பாருங்க. கெர்ட்டி பாக்கும்போது அவ பாரம் தாங்காம காலுக்குக் கீழ தரை லேசா அமுங்குற இடம் ஒண்ணு வரும். அங்க பாஸ் பண்ணிட்டு, கீபோர்டுல முற்றுப்புள்ளிய அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமா தள்ளிப் பாருங்க.